முறை வைத்து ஊஞ்சலாடுவது எப்படி

"பதிமூணு, பதினாலு, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது, இருபது. எறங்குடீ."

"பதினஞ்சு எங்கடீ?"

"அது எனக்கு வராது. எறங்கு."

"சரி."

ஜூன் மாதத்தில், மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள், இடைவேளையில், எங்கள் ஒற்றப்பாலத்து மழலையர் பள்ளியின் பலாமரத்தடியில் நடந்த இந்த உரையாடலை நான் என் காதாலேயே கேட்டேன். மனித நாகரிகம் பல பேரழிவுகளிலிருந்து மீண்டிருக்கிறது. இதிலிருந்து மீளுமா என்பதே என் கவலையாக இருந்தது. நீங்களே பாருங்கள். 'தயவுசெய்து' இல்லை. 'நன்றி' இல்லை. உணர்வுகளை எடுத்துரைத்தல் இல்லை. 'டீ' மட்டும் இரண்டு இருந்தது.

ஊஞ்சலில் இருந்தவள் என் மகள் இதள். எண்ணியவள் அவள் தோழி மின்ஹா. இருவருக்கும் நாலரை வயது. 'சரி' என்று சொன்ன இதள் குதித்து இறங்கினாள். மின்ஹா பலகையில் முழங்காலை வைத்து ஏறப் போனாள். சரியாக அந்தக் கணத்தில் நான் போய்ச் சங்கிலியைப் பிடித்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சசிதரனாகிய என்னால் வேறென்ன செய்ய முடியும்?

"நில்லு மோளே. முதல்ல முறையா ஆடக் கத்துக்கலாம். அப்புறம் ஆடலாம்" என்றேன்.

மின்ஹா முழங்காலை எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே ஊஞ்சலை மரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் சுற்றிப் பூட்டினோம். பாதுகாப்பு கருதிச் சாவி என் சட்டைப் பையில் வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் திருச்சூரிலிருந்து டோம்ஸன் சாரை வரவழைத்தோம். குழந்தைகளுக்குச் சமூகப் பண்புகளைக் கதை வழியாகப் புகட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஏழு வயதுக்குள் ஒரு குழந்தைக்கு வேண்டிய பண்புகள் மொத்தம் நாற்பத்தொன்று என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போன வருடம் முப்பத்தெட்டுதான் இருந்ததாம். குழந்தைகள் அவ்வளவு வேகமாக மோசமாகிக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சிக்கென்றே அவர் ஒரு கதை எழுதினார். கரடி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறது. முயல் வருகிறது. "அன்புள்ள கரடியே, நீ நீண்ட நேரம் ஆடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து என் முறையை எனக்குத் தருவாயா?" என்கிறது. கரடி நெகிழ்ந்துபோய் இறங்குகிறது. இந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் நாற்பது நாளில் மனப்பாடம் செய்தார்கள்.

கதைக்குப் பிறகு செயல்பாடு. செவ்வாயும் வியாழனும் 'கற்பனை ஊஞ்சல்'. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வகுப்பின் நடுவில் போட்டு, அதில் ஒரு குழந்தை உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைய வேண்டும். மற்றவர்கள் வரிசையில் நின்று பொறுமை காட்ட வேண்டும். ஒரு பையன் மட்டும் தலை சுற்றுகிறது என்றான். 'கற்பனை வளம் மிக்கவன்' என்று அவன் அட்டையில் குறித்தோம்.

நட்புக்கும் மதிப்பெண் உண்டு. நண்பரிடம் நாளொன்றுக்கு மூன்று இனிய சொற்கள். என் மகளும் மின்ஹாவும் இதில் தோற்றார்கள். இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பலாமரத்தைப் பார்த்தபடி, ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தன. 'நட்பு வளர்ச்சி: போதாது.'

டோம்ஸன் சாரின் கொடைகளிலெல்லாம் தலையாயது பேசும் கிளி. மரத்தில் செய்து பச்சை வண்ணம் பூசியது. கிளி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். இந்த விதி பெரியவர்களுக்கும் பொருந்தும் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். எனவே கிளி பெரும்பாலும் என்னிடமோ டோம்ஸன் சாரிடமோ இருந்தது.

வகுப்பாசிரியை வல்சலா டீச்சர் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளோடு இருப்பவர். அதனாலேயே அவருக்குப் புதிய முறைகள் பிடிபடவில்லை.

"சாரே, மழை விட்டிருக்கு. பிள்ளைங்கள ஒரு அரை மணி வெளில விடலாமா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டார்.

"டீச்சர், கிளி யார்கிட்ட இருக்கு?" என்றார் டோம்ஸன் சார், மிகுந்த கனிவோடு.

"உங்ககிட்ட."

"அப்ப யார் பேசணும்?"

"நீங்க. ஆனா மழை மறுபடியும் வந்துடும் சாரே."

வந்துவிட்டது. அவசரப்படுவதால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் மனைவி ப்ரீஜா மோர்க்குழம்பை ஊற்றியபடி ஆரம்பித்தாள்.

"சசியேட்டா, ஓணம் லீவுல மின்ஹா ஷார்ஜா போறா. அவ உப்பா டிக்கெட் எடுத்து அனுப்பிட்டார். இனி அங்கதான் படிப்பாம்."

"ரொம்ப சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்? அது தினமும் நம்ம இதள்கிட்ட கேக்குது, 'உன் அச்சன் பூட்டைத் தொறந்துட்டாரா'ன்னு. அன்னிக்கு அதோட முறைதானே? ஏறுற புள்ளைய எறக்கி விட்டீங்களே. ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை ஆடட்டுமே."

"ப்ரீஜா, பொறுமைங்கறது பதினேழாவது பண்பு."

"உங்களுக்கு எத்தனாவது வரைக்கும் வந்திருக்கு?"

நான் சோற்றைப் பிசைந்தேன். கோபத்தை அடக்குதல் இருபத்து மூன்றாவது பண்பு. அவள் அப்பளத்தை இதள் தட்டில் மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையில் ஊஞ்சலைத் திறக்க எனக்கு மறுப்பே இல்லை. யார் திறப்பது என்பதில்தான் சிறு கருத்து வேறுபாடு. திறப்பு விழா நாடாவை நான் வெட்டுவதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. டோம்ஸன் சாருக்கு, தான் வெட்டுவதுதான் முறை என்று தோன்றியது. 'விட்டுக்கொடுத்தல்' பாடம் நடந்த அதே வாரத்தில் மூன்று கூட்டம் போட்டோம். மூன்றாவதில் டோம்ஸன் சார் கிளியை மேசையில் ஓங்கி வைத்ததில் அதன் மூக்கு உடைந்தது. இறுதியில் நாகரிகமான முடிவு எட்டப்பட்டது. யாரும் திறக்க வேண்டாம். 'செயல்முறைக் கட்டம் அடுத்த கல்வியாண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.' ஒருமனதாக நிறைவேறியது. வல்சலா டீச்சர் நாலு முறை கை தூக்கினார். கிளி அவர் பக்கம் போகவில்லை.

ஓணக் கொண்டாட்டமும் பயிற்சி நிறைவு விழாவும் ஒரே நாளில். வாசலில் பூக்களக் கோலம். பிள்ளைகள் பொன்சரிகைக் கசவு உடுத்தி, தரையில் சப்பணமிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மின்ஹா முதல் வரிசையில், இதளின் பக்கத்தில். மறுநாள் விடியற்காலை அவளுக்கு விமானம். இதள் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பலாமரம். மழை விட்டு வெயில் அடித்தது.

'சுருக்கமாகப் பேசுதல்' என்ற பண்பைப் பற்றி டோம்ஸன் சார் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு நான் மேடையேறி, மூக்கில்லாத கிளியைப் பெற்றுக்கொண்டேன். சமையற்கட்டிலிருந்து அடைப் பிரதமன் பாயசத்தின் மணம் வந்தது. ஒரு குழந்தைகூட நகரவில்லை. மூன்று மாதப் பயிற்சி வீண்போகவில்லை என்று என் நெஞ்சு விம்மியது.

"குழந்தைகளே! தன் முறை முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விடுகிறவனே உயர்ந்த மனிதன்" என்று தொடங்கினேன். தொடர்ந்தேன். மேலும் தொடர்ந்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

மின்ஹா. அடுத்து இதள் சேர்ந்துகொண்டாள். எட்டு வரும்போது வரிசை முழுவதும் சேர்ந்திருந்தது. கணிதத்திலும் முன்னேற்றம் என்று நான் கூட்டத்தைப் பார்த்துப் பெருமையோடு புன்னகைத்தேன். பின்வரிசையில் ப்ரீஜா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வல்சலா டீச்சர் எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

பதினாலில் மின்ஹாவின் குரல் நின்றது.

"பதினஞ்சு" என்று எடுத்துக் கொடுத்தாள் என் மகள்.

"பதினஞ்சு" என்றாள் மின்ஹா, முதல் முறையாக. "பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொம்போது, இருபது."

எழுந்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படி ஏறி வந்தாள். கண்ணோடு கண் பார்த்தாள். அது ஐந்தாவது பண்பு. என் கையிலிருந்து கிளியை மெல்ல எடுத்துக்கொண்டாள். இனி அவள்தான் பேசலாம், நான் கேட்க வேண்டும். விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

"அன்புள்ள சசி அங்கிள்," என்றாள், "நீங்க ரொம்ப நேரமா ஆடுறீங்க. எனக்கு வருத்தமா இருக்கு. இருபது ஆயிடுச்சு, தயவுசெஞ்சு எறங்குங்க. சாவியைக் குடுங்க. மழை வந்ததுலேருந்து என் முறைதான்."