டீச்சர் போட்ட ஊசி

பிரிஞ்சாங்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் குகனேஸ்வரன் அவர்களுக்கு, தங்கை உஷா வணக்கத்துடன் எழுதுவது.

ஊசி போட்டால் முடி கொட்டுமா? இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கொட்டும் என்றால் அது பொய். கொட்டாது என்றால், கம்பளித் தொப்பிக்குள் இருக்கும் என் தலை அதை ஒப்புக்கொள்ளாது. இந்த நிலைக்கு முழுக் காரணம் நீங்கள். இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் குடும்பக் குழுவில் ஏற்றிவிடுவீர்கள் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன். கிள்ளானில் நீங்களும் அண்ணியும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பிப்ரவரியில் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கிறதா? "கான்சர்னு வாயத் தொறக்காத. யார் கேட்டாலும் ஊசி போடப் போறேன்னு சொல்லு. அதுல பொய்யும் இல்ல." என் விஷயத்தை ஊருக்குச் சொல்லும் பழக்கம் எனக்கு என்றும் இல்லாததால், அந்தச் சொல் வசதியாகவே இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஈப்போ மருத்துவமனைக்குப் போய், மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். "எங்க டீச்சர் போயிட்டு வர்றீங்க?" "ஊசி போட." அவ்வளவுதான், யாரும் மேலே கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம் அவர்களுடைய நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அதே மாதத்தில்தான் இங்குள்ள கிளினிக்கில் சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு என் முடி கொட்டியது. திரிங்காப்பிலிருந்து கிளம்பும் முட்டைக்கோஸ் லோரியைவிட வேகமாகச் செய்தி மலை முழுவதும் போய்விட்டது: தடுப்பூசி போட்டு டீச்சருக்கு முடி போச்சு!

நேற்றுக் காலை அப்துல் முத்தலிப் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (அந்தக் கடைக் குழம்பில் பிப்ரவரியிலிருந்து எனக்குக் காரமே தெரிவதில்லை. மருந்தால் நாக்கு செத்துவிட்டது என்று டாக்டரிடம் புகார் செய்தேன், அவரும் எழுதிக்கொண்டார்.) அப்போது பக்கிரிசாமி வந்து எதிரில் உட்கார்ந்தார். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக் குடலில் புற்றுநோய், மாத்திரையில் சிகிச்சை நடக்கிறது, அதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த மாத்திரைக்கு முடி கொட்டாது, மீசை அப்படியே இருக்கிறது. தோட்டத்து மேனேஜரே அந்த மீசையோடு நின்று படம் எடுத்துக்கொண்டாராம்.

"டீச்சர், கிளினிக்குல நர்ஸ் மிஸி என்னையும் ஊசி போடச் சொல்லுது. நீங்க எத்தன போட்டீங்க?"

"நாலு," என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

"நாலா! அப்ப ஒண்ணு போட்டா கால்வாசி போயிரும் லா. மீசையில எந்தக் கால்வாசின்னு மிஸி எழுதிக் கொடுக்குமா?"

"கான்சர் மருந்தே எடுக்காத மீசைய காய்ச்சல் ஊசியா எடுக்கப்போவுது? போய்ப் போட்டுக்குங்க பக்கிரி அண்ணே," என்றார் முத்தலிப்.

"முடி போன டீச்சர் எதிர்ல உக்காந்திருக்காங்க, பாய் எனக்குச் சமாதானம் சொல்றாரு!"

கடை சிரித்தது. நான் ரொட்டியைச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அண்ணா. அவர் குடியிருக்கும் லயத்து வரிசையில் இரண்டு வீட்டில் காய்ச்சல். அவருடைய இப்போதைய உடம்புக்கு அது வந்தால் நுரையீரலுக்கு இறங்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். மிஸி அவருக்கென்று ஒரு ஊசி மருந்தை எடுத்துவைத்துக் காத்திருக்கிறார். நாளையோடு தடுப்பூசி போடுவது முடிகிறது.

நான் போட்டுக்கொண்டேனா என்று கேட்பீர்கள். ஈப்போ வார்டில் ஒன்றைக் கவனித்தேன். மிஸிகள் கையுறையும் கவசமும் மாட்டிக்கொண்டு பயந்து பயந்து தொடுகிற சிவப்பு மருந்தை எங்கள் நரம்பில் ஏற்றும்போது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அரை மில்லி தடுப்பூசியைக் கண்டதும் எல்லோரும் வேதியியல் ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள். உண்மையான வேதியியல் ஆசிரியரான நான் இதுபற்றி ஏழு ஆய்வுக் கட்டுரை படித்தேன். ஏழும் போட்டுக்கொள்ளலாம் என்றே சொல்கின்றன. எட்டாவதைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். போன மாதம் மிஸி "சூடா சுச்சோக்?" என்று மலாயில் கேட்டபோது, என் கணவர் லெட்சுமணன் "சூடா, சூடா" என்று தலையாட்டிவிட்டார். மலாயிலும் குத்தியாச்சா என்பதுதான் கேள்வி, எதைக் குத்தினார்கள் என்பது அதில் இல்லை. ஆகவே அரசாங்கக் கணக்கில் நான் தடுப்பூசி போட்டவள்.

எனவே, இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த நீங்களே (கடிதம் கைக்கு வருவதற்குள் நாளை போய்விடும் என்று தெரிந்தும்தான் கேட்கிறேன்) பக்கிரிசாமிக்குப் போன் போட்டு எதையாவது சொல்லிச் சமாளியுங்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை, அது உறுதி. அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறையட்டும். பேரப்பிள்ளைகள் தேர்விலும் உடம்பிலும் குறையின்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை உஷா

பி.கு. திங்கட்கிழமை மாலை. மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். இன்று காலை பத்து மணிக்கு பக்கிரிசாமி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தொப்பியைக் கழற்றி, "எனக்குக் கான்சர் அண்ணே. முடி போனது அந்த ஊசியால. காய்ச்சல் ஊசிய நான் இன்னும் போடவே இல்ல," என்றேன்.

"தெரியும் டீச்சர்," என்றார். "எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரியிலயே உங்க அண்ணன் பாய் கடைக்குப் போன் போட்டு, தங்கச்சிக்குக் குழம்புல காரத்தக் கொறைங்க, வெளிய யாருக்கும் சொல்லிராதீங்கன்னாரு. நாங்க யாரும் வெளிய சொல்லல. உள்ளுக்குள்ளதான் பேசிக்கிட்டோம்."

"பிறகு ஏன் ஊசி போடாததுக்கு என் முடிமேல பழி போட்டீங்க?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "ஊசின்னா எனக்குப் பயம் டீச்சர்," என்றார். "மாத்திரைன்னு சொன்னதாலதான் வைத்தியத்துக்கே ஒத்துக்கிட்டேன். சரி, நீங்க படிச்சவங்க. நீங்க ஏன் இன்னும் போடல?"

எட்டாவது கட்டுரையை விட்டுவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளினிக்கில் முதலில் எனக்குப் போட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் கைப்பையைப் பிடித்துக்கொண்டார், வார் அறுந்துவிட்டது. பிறகு முத்தலிப் கடைக்குப் போய், எல்லோருக்கும் ஊற்றுகிற குழம்பையே எனக்கும் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். வாயெல்லாம் எரிந்து பாதியில் எழுந்துவிட்டேன். நாளை முதல் பழைய குழம்பே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.