கை நின்ற அத்தியாயம்

கடலூர் முதுநகர்,
ஆவணி மாதம், 1963

சிதம்பரம் மச்சான் கலியமூர்த்தி அவர்களுக்குச் சடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மகன் மணவாளனும் பூனையும் சுகம். அங்கே தாங்களும், தங்கச்சி ஞானாம்பாளும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் மகள் குணசுந்தரியும், அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க நடராசர் துணையிருக்கட்டும்.

கோபத்தின் காரணத்தை அவள் பாதிதான் சொல்லியிருப்பாள். உங்கள் மருமகன் மணவாளன் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவன் என்பது ஊருக்குத் தெரியும், எப்படி எழுதுகிறான் என்பது இந்த வீட்டுக்குத்தான் தெரியும். தவலைத் தண்ணீரில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டால்தான் பேனா நகரும். வெள்ளைத் தாளைக் கண்டால் பயம், துறைமுக ஆபீசில் நான் இருந்தபோது கழித்துப்போட்ட ரசீதுகளின் பின்பக்கம்தான் வேண்டும். தடித்தடியான நாவல்கள் அலமாரியில் தூங்க, அவன் ஆசையாகப் படிப்பது மாட்டு வைத்தியப் புத்தகம். அதில்தான் ஒரு வார்த்தைகூட வீண் இல்லையாம். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை என்று நான் செல்லம் கொடுத்தது ஜாஸ்தி. இத்தனையும் பொறுத்துக்கொண்டவள் குணசுந்தரி. அவள் மீன் ஆயும்போது எதிரே உட்கார்ந்து எழுதியதைப் படிப்பான். அவள் கை நின்றால் அத்தியாயம் தபாலுக்குப் போகும். நிற்காமல் செதில் பறந்தால் அடுப்புக்குப் போகும்.

போன வாரம் வந்தது வினை. கதையில் வரும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கடைசி அத்தியாயத்தில் பிரசவத்தில் செத்துப்போவாள் என்று இந்த மகானுபாவன் சொல்ல, ஆறு மாதக்காரி மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். “அவ சாவுறத நீங்க ஒக்காந்து எழுதுங்க, நான் எங்கப்பா வூட்டுக்குப் போறேன். அது அச்சுல வந்துச்சுன்னா புள்ளையத் தூக்கிக்கினு இங்க வரமாட்டேன்” என்றாள். வளைகாப்புகூட ஆகவில்லை, பஸ் ஏறிவிட்டாள். இவன் நிறுத்தினானா என்றால் இல்லை. எழுதி முடித்துவிட்டு, படித்துக் காட்ட ஆள் தேடினான். பக்கத்து வீட்டு வேலம்மாள் முதல் வரியிலேயே அழுதாள். கதைக்கு இல்லை, அவளுக்குப் பல்வலி. பூனைக்குப் படித்தான், அது மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் என்னை அருவாமனை முன் உட்காரவைத்தான். நான் பிறந்ததிலிருந்து மீன் தின்றவனே தவிர ஆய்ந்தவன் இல்லை. பாதி அத்தியாயத்தில் விரலை அறுத்துக்கொண்டேன், கை நின்றது. அதைப் பார்த்ததும், அத்தியாயம் தேறிவிட்டதென்று ஈரக்காலோடு தபாலாபீசுக்கு ஓடிவிட்டான்.

ஆகவே மச்சான், அடுத்த வாரம் அந்தச் சனியன் அச்சில் வந்துவிடும். சிதம்பரம் ஸ்டேஷன் கடைக்கு வரும் பிரதிகளைத் தாங்களே வாங்கி வெந்நீர் அடுப்பில் வைத்துவிடவும். கதையில் அந்தப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை, மூவரும் சௌக்கியம் என்று குணசுந்தரியிடம் சொல்லவும். பெண் மனசு குளிர்ந்து வந்தால் போதும். சிறியவர்களுக்கு என் ஆசிகள், தங்கச்சிக்கு விசாரிப்பு.

இப்படிக்கு,
சடையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. பத்திரிகையை எரிக்க வேண்டாம். என் விரலில் காயம் எதுவும் இல்லை, கை தானாகத்தான் நின்றது. கதையில் அந்தப் பெண், வண்டி தேடி ஓடப்போகும் புருஷனிடம், “வண்டிய அவுங்க பாத்துக்குவாங்க, நீங்க எங்கிட்டயே குந்துங்க” என்கிறாள். கீரப்பாளையத்தில் தாங்கள் வண்டி தேடிப் போயிருந்தபோது உங்கள் அக்கா தில்லையம்மாள் பிரசவ வலியில் என்னிடம் கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய இதுதான். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்று பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்? இப்போது கேட்டேன். “அம்மாவ நெனச்சி எழுதலப்பா, குணசுந்தரிய நெனச்சிதான் எழுதுனேன். எனக்கு பயமா இருக்கு” என்றான்.

எழுதியதை அவளே படிக்கட்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம் மச்சான். மாதம் நெருங்கியதும் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். வாசலில் நானும் அவனும் உட்கார்ந்திருப்போம்.