ஏட்டய்யா குரலும் மூணு ஈரத்துண்டும்

நேத்து வீட்டுல எனக்குக் குடுத்த வேலை ரெண்டே ரெண்டு. கலா அக்காவோட அரியலூர் போயி, அவளுக்கு வந்த மெயில் பிரிண்டை போலீஸ்கிட்ட குடுக்கணும். வர்றப்போ புளி வாங்கிட்டு வரணும்.

புளி வாங்கியாச்சு.

கலா அக்கா பெரியப்பா பொண்ணு. பெரம்பலூர்ல கம்ப்யூட்டர் படிக்கிறா. கொஞ்ச நாளா எவனோ பேர் போடாம அசிங்க அசிங்கமா மெயில் அனுப்புறான். "காலேஜுக்குப் போனா நடக்கறதே வேற"ன்னு மிரட்டல் வேற. விஷயம் பெரியப்பா காதுக்குப் போயிருச்சு.

பெரியப்பா குரல் உங்களுக்குத் தெரியாதுல்ல? தொண்டைக்குள்ள டிராக்டர் ஸ்டார்ட் பண்ற மாதிரி இருக்கும். "ஞாயித்துக்கெழமைக்குள்ள எவன்னு தெரியணும். தெரியலன்னா படிச்சது போதும், வூட்டுல கெட!"

அனுப்புனவனுக்கு இல்லைங்க. வாங்குனவளுக்குத் தண்டனை!

அவர் சொன்னதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. ஊர்ல எல்லார் மாதிரியும் பேசிக் காட்டி வம்பு பண்றவன் நான் ஒருத்தன்தானே. அம்மா கரண்டியத் தூக்கிட்டாங்க. கற்பூரம் அடிக்காத குறையா சத்தியம் பண்ணித் தப்பிச்சேன்.

அக்காவோட முறைமாப்பிள்ளை செந்தில் அத்தான் மீசைய முறுக்குனாரு. "எவன்னு மட்டும் தெரியட்டும் மாமா, கைய ஒடிச்சிடுறேன்!"

ஸ்டேஷன்ல ஏட்டய்யா பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. மனுசன் முழுசா மூக்காலதான் பேசுவாரு. "ஏம்ப்பா, பேர் இல்ல, ஊர் இல்ல. நான் யாரைப் போய்ப் புடிக்கிறது? நீங்க ஆளைக் கண்டுபுடிச்சுக் குடுங்க. உடனே புடிச்சிரலாம்."

அதே மூக்கால பதில் சொல்ல நான் வாயத் தொறந்தேன். அக்கா என் காலை மிதிச்சா.

சரி, நாமளே கண்டுபுடிப்போம்னு பக்கத்துத் தெருவுல பாய் வச்சிருக்கற பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அக்கா மெயிலைத் தொறந்து, அது எங்கேருந்து கெளம்புச்சுன்னு காட்டுற நம்பரை எடுத்தா. தேடிப் பார்த்தா மும்பைன்னு வருது!

"அக்கா, உனக்கு மும்பைல எல்லாம் எதிரியா!" எனக்குப் பெருமை தாங்கல.

அவ கண்டுக்கல. அங்கேருந்தே தனக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தா. அதுலயும் அதே நம்பர், அதே மும்பை!

"லூசு, மும்பைங்கறது நெட் கம்பெனியோட விலாசம். இது காலையில வந்த மெயில். ரெண்டுலயும் ஒரே நம்பர்னா, அவன் இந்தக் கடையில உக்காந்துதான் அனுப்பியிருக்கான்."

பாயைக் கேட்டா, "அல்லாவே! நம்ம கடைக்கு வர்றதெல்லாம் நல்ல குடும்பத்துப் புள்ளைங்கம்மா"ன்னு முடிச்சிட்டாரு.

எதிர்த்தாப்புல ஒரு ரூபா காசு போட்டுப் பேசுற போன் இருந்துச்சு. ஏட்டய்யா மூக்கை இரவல் வாங்கி என் மூஞ்சியில மாட்டிக்கிட்டேன்.

"பாயா? ஸ்டேஷன்லேர்ந்து பேசுறோம்ப்பா. சாயங்காலம் கீபோர்டுல கைரேகை எடுக்க ஆள் வருது. எவனையும் தொட விடாதீங்க. வெளிய மூச்சு விடக்கூடாது!"

பாய் மூச்சு விடல. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்ல மட்டும் செஞ்சாரு.

நானும் அக்காவும் மூலை கேபின்ல ஸ்க்ரீன் துணியை இழுத்து விட்டுட்டு உக்காந்தோம். பாய் டீ குடிக்க அந்தப் பக்கம் போனாரோ இல்லியோ, முதல்ல வந்தது எங்க ட்யூஷன் சார். கையில ஈரத்துண்டு! பின்னாடியே உரக்கடை அண்ணன், இன்னொரு ஈரத்துண்டு! மூணாவது செந்தில் அத்தான். ஈரத்துண்டு, பாத்திரம் தேய்க்கிற பொடி, ஒரு சொம்புத் தண்ணி!

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத மாதிரி, ஆளுக்கொரு கீபோர்டைத் தேய் தேய்னு தேய்க்கிறாங்க.

ஸ்க்ரீனுக்குப் பின்னாடியிருந்து மூக்கைத் தொறந்தேன். "எவனும் அசையக்கூடாது! தப்பு என்னன்னு அவனவனே சொல்லிடணும்!"

ட்யூஷன் சார் கை ரெண்டையும் தூக்கிட்டாரு. "படம்தான் சார் பார்த்தேன். லைன் ஸ்லோ சார், கழுத்து வரைக்கும்தான் வந்துச்சு!"

உரக்கடை அண்ணன் அழுதுட்டாரு. "ஒரு பொண்ணோட சாட்டிங் சார். அதுவும் கடைசியில ஆம்பளையாப் போச்சு சார்!"

அத்தான் மட்டும் நிமிந்து நின்னாரு. "நான் தப்பெல்லாம் பண்ணல சார். என் மாமா பொண்ணுக்குத்தான் மெயில் போட்டேன். கட்டிக்கப் போறவன், உரிமையில மிரட்டுனேன். படிச்சு முடிச்சான்னா என்னை மதிக்க மாட்டா சார்!"

அக்கா ஸ்க்ரீனை இழுத்த இழுப்புல கம்பியே கையோட வந்துருச்சு.

சேதி கேட்டு பெரியப்பா மொபெட்ல பறந்து வந்தாரு. அத்தானை ஒரு பார்வை பார்த்தாரு. டிராக்டர் பொசுக்குன்னு ஆஃப் ஆயிருச்சு. "ச்சே, நம்ம பயதானா... சொந்தத்துக்குள்ள போலீஸ் எதுக்கும்மா?"

"வெளியாளு அனுப்புனா அசிங்கம், அத்தை மவன் அனுப்புனா உரிமையாப்பா? என் படிப்பை நிறுத்தறதுக்கு மட்டும் சொந்தக்காரன் போதுமா?"

அக்கா பிரிண்டை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துட்டா. பெரியப்பா மொபெட்டைத் தள்ளிக்கிட்டு பின்னாடியே போனாரு. புகாருக்குக் கீழ அவரும் கையெழுத்துப் போட்டாரு.

ஏட்டய்யாவுக்கு ஆச்சரியம். "எப்படிம்மா ஆளைப் புடிச்ச?" அக்கா என்னைக் கைகாட்டினா.

"எங்க, பேசு பாப்போம்."

பேசினேன். உள் ரூம்லேர்ந்து ஒரு கான்ஸ்டபிள், "இதோ வந்துட்டேன் ஐயா!"ன்னு டீ கிளாஸோட ஓடி வந்தாரு. ஏட்டய்யா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு.

அக்கா நாளைக்குக் காலேஜ் போறா. பாய் நனைஞ்ச கீபோர்டையெல்லாம் என் தலையில கட்டிட்டாரு. மொட்டை மாடியில ஒவ்வொண்ணாத் தொடச்சு வெயில்ல வச்சிக்கிட்டிருக்கேன்.

இப்பத்தான் ஏட்டய்யா ஆள் விட்டிருக்காரு. கேஸுக்கு வேணுமாம், நிஜமாவே கைரேகை எடுக்கப் போறாங்களாம். அதுல இப்ப மிச்சம் இருக்கறது என்னோடது மட்டும்தான்.