ஆர்னெயின் ரயிலுக்குக் கண்ணூறு கழித்த கதை

அதிகப்பிரசங்கித்தனம் எனக்குப் பிறவிக் குணம். ஒருவர் கேட்காத உதவியை அவருக்குச் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. (என் மனைவி வசந்தி இதற்கு வேறொரு சொல் வைத்திருக்கிறாள். அச்சில் வேண்டாம்.)

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ரயில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்களோ, அனுப்பிவிடுவார்களோ என்று காத்திருக்கவேண்டும். அந்தக் கோடையில் ஒரு நிரந்தர இடம் வந்தது. யாருக்குக் கொடுக்கலாம் என்று சிபாரிசு எழுதவேண்டியவர் என் மேலாளர் ஆர்னெ. அவர்தான் ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வா. என் ரயில் முதன்முதலாக ஓடப்போகிறது" என்றார்.

அவருடைய ரயில் முழங்கால் உயரம். ஒன்பது வருடமாக வீட்டுக் கராஜில் தன் கையாலேயே செய்த நீராவி எஞ்சின். பின்னால் சின்னச் சின்னப் பெட்டிகள். காலை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு மேலே இருக்கவேண்டும். நகரத்துக்கு வெளியே, கைவிட்ட ஒரு மணல்குழியில், அவரைப்போல் ரயில் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் சேர்ந்து தண்டவாளம் போட்டிருந்தார்கள். நிழல் இல்லை, ஒரு புல் இல்லை. நோர்வேயில் பாலைவனம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகலாம்.

புது வாகனத்துக்குக் கண்ணூறு கழிக்காமல் விடலாமா? கற்பூரம் கொண்டுபோக வசந்தி விடவில்லை. தேசிக்காயை, அதுதான் எலுமிச்சம்பழத்தை, பொக்கற்றில் ஒளித்துக்கொண்டு போனேன். அங்கே அதையும் கண்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசனிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டு வையுங்கோ."

"நல்ல காரியத்துக்கு என்னத்தைக் கேக்கிறது? நீ சும்மா இரு."

(கண்ணூறுக்கு நோர்வே மொழியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை.)

ஆர்னெ கொதிகலனைக் கவனித்துக்கொண்டிருந்த நேரம் குனிந்து, முன்சில்லுகளுக்கு முன்னால் இரண்டு தேசிக்காய்களைச் செருகினேன். காரென்றால் நசுங்கிச் சாறு தெறிக்கும். இங்கே சில்லே தேசிக்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஆர்னெ முதல் பெட்டியில் ஏறியிருந்து விசிலடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எஞ்சின் தேசிக்காயில் ஏறி, ஒரு கணம் யோசித்து, களைத்த மாடுபோல் பக்கவாட்டில் மணலில் படுத்தது. ஆர்னெயும் கூடவே படுத்தார். கைதட்டல் நின்றது. நிரந்தரமும் போச்சு, தற்காலிகமும் போச்சு என்று நினைத்தேன்.

ஆர்னெ எழும்பி, மணலைத் தட்டிவிட்டு, தேசிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எங்கிருந்து வந்தது?"

நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஆறு வயது மகள் மதுரா திருத்தமான நோர்வே மொழியில் பதில் சொன்னாள். "அப்பா வைத்தது. புது வண்டிக்கு விபத்து வராமல் இருக்க வைக்கிறது."

ஆர்னெ எஞ்சினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருவருமாய் எஞ்சினைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தோம். நல்லகாலம், ஒரு கீறலோடு தப்பியது.

இரண்டு கிழமையில் அந்த நிரந்தர வேலை எனக்கே கிடைத்தது. கூடவே சிபாரிசுக் கடிதத்தின் பிரதியும் வந்தது. மதுரா இப்போது கல்யாணமானவள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கடிதத்தை எடுத்துவந்து, ஆர்னெ எழுதிய கடைசி வரிகளைத் தமிழில் வாசித்துக்காட்டுவாள்: "பாதுகாப்பில் இவ்வளவு அக்கறையுள்ள ஒருவரை நான் கண்டதில்லை. நிற்கிற ரயிலைக் கழுவ மிகப் பொருத்தமானவர். புறப்படப்போகிற ரயிலுக்குக் கிட்ட விடவேண்டாம்."