தண்ணீர் இறங்கும்வரை காத்திருந்த பாதாளத்தார்

குடாநாட்டில் நிலத்துக்கடியில் ஓடும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் பாதாளத்தாரைத் தனிப்பட்ட முறையில் தெரியும். எங்கள் ஊரான கோப்பாயில் அவர் வெறுங்காலோடு நடந்து, சட்டென்று நின்று, "இதிலை வெட்டு" என்றால் கிணறு அங்கேதான். அவர் பேச்சைக் கேளாமல் வேறிடத்தில் வெட்டியவர்கள் உப்புத் தேநீர் குடித்தார்கள்.

வினை ஒரு கைபேசிப் படமாக வந்தது. நுவரெலியாப் பக்கம் சுற்றுலா போய்வந்த ரவி, மலைக்கு மேலே கிடந்த குளமொன்றைத் தேநீர்க் கடையில் எல்லோருக்கும் காட்டினான்.

"படத்திலை கப்பலையும் பனைமரத்திலை ஏத்தலாம்," என்றார் பாதாளத்தார். "இஞ்சை கொட்டுற மழையே அரை மணித்தியாலத்திலை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை இறங்கிப் போகுது. மலையிலை மட்டும் நிக்குமோ? நிண்டால் இனி ஒருத்தருக்கும் கிணத்துக்கு இடம் சொல்லமாட்டன்!"

கடையே கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. என் வீட்டு வளவில் கிணறு வெட்ட அவர் இன்னும் இடம் காட்டவில்லை.

"அண்ணை, விடுங்கோ, உவன் சும்மா..."

"நீ பேசாதை. வாடகைக்கு ஒரு வானைப் பிடி, போய்ப் பாப்பம்."

பிடித்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு நோய்களெல்லாம் பத்திரிகை படித்துத்தான் தெரியும். அத்தனைக்கும் மருந்து கட்டிக்கொண்டேன். அட்டை கடித்தால் போட உப்பும் எடுத்தேன்.

மலையடிப் பள்ளத்தாக்கில் போய் இறங்கினால், தேர்த் திருவிழா மாதிரிச் சனம். வழிகாட்டிப் பையன் பாதாளத்தாரின் முழங்காலைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒங்களால முடியாது. வேன்லயே இருங்க," என்றான்.

"தம்பி, நாப்பது அடிக் கிணத்திலை கயித்தைப் பிடிச்சு ஏறினவன் நான். உன்ரை மலை தலைகீழாக் கவிட்டு வைச்ச கிணறு. நட!"

வழியில் அவர் ஐந்து தடவை உட்கார்ந்தார். ஐந்து தடவையும் நான் நாடி பிடித்தேன்.

"கையை விடடா விசரா! நான் காட்சி பாக்கிறன்."

மேலே போனால், குளம். கண்ணாடி மாதிரி, அசையாமல், வெட்கமில்லாமல் நின்றது.

"என்ன அண்ணை," என்றான் ரவி, "இனி என்ன தொழில் செய்யிறதா யோசினை?"

பாதாளத்தார் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "உது குளமில்லை. பெய்த மழை. இன்னும் இறங்கி முடியேல்லை." தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு குச்சியைக் குத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இறங்கினாப் பிறகு வாறன். நீங்கள் போங்கோ."

வழிகாட்டி பதறினான். "ஐயா, மூடுபனி வருது! இந்தக் கொளம் எங்க தாத்தா காலத்துலேருந்து இப்படியேதான் இருக்கு."

"அப்ப மெதுவா இறங்குது."

கெஞ்சினோம், அதட்டினோம். அசையவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். வழிகாட்டி மட்டும் சற்றுத் தள்ளி நின்று எங்களைக் கூப்பிட்டு விசிலடித்துக்கொண்டிருந்தான். நான் பாதாளத்தாரின் முகத்தைப் பார்த்தேன். வாய் வீறாப்பாக இறுகியிருந்தது. கண் மட்டும் குச்சியை விட்டு நகரப் பயந்தது. இத்தனை வருடத்தில் அவர் பயந்து நான் கண்டதில்லை.

குளிருக்குச் சால்வையை உதறிப் போர்த்துவதற்காக அவர் எழுந்து மறுபக்கம் திரும்பினார். நான் குனிந்து குச்சியைப் பிடுங்கிக் கரைப்பக்கமாகத் தள்ளி நட்டேன்.

"அண்ணை! இஞ்சை பாருங்கோ! ரண்டு விரற்கடை இறங்கிப்போச்சு!"

அவர் குனிந்து குச்சியைப் பார்த்தார். பிறகு சேறு அப்பிய என் விரல்களை நெடுநேரம் பார்த்தார்.

"சொன்னன்தானே," என்றார். "வா, போவம். வாற செவ்வாய் உன்ரை வளவுக்கு வாறன்."

யார் கை கொடுத்தாலும் தட்டிவிடும் மனிதர், அந்தச் சேற்றுக் கையைப் பிடித்தபடியே அடிவாரம்வரை வந்தார்.