குவர்னர் வருமுன் வெடித்த பீரங்கி

புது மருமகளைப் பத்துப் பேர் நடுவில் சும்மா நிற்கச் சொல்லக் கூடாது. சொன்னால், அவள் கை ஏதாவது வேலை தேடிக்கொள்ளும். என் கையும் தேடியது. அதற்குக் கிடைத்தது பிரெஞ்சு சர்க்காரின் பீரங்கி. (சிரிக்காதீர்கள். எனக்கே அதை நினைத்துச் சிரிக்கப் பத்து வருஷம் பிடித்தது.)

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கரும்புக் குடும்பத்திலிருந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மற்ற ஆண்களுக்குச் சீட்டின் மேலும் சேவல் சண்டையின் மேலும் இருக்கிற பைத்தியம் இவருக்குச் சண்டைச் சரித்திரத்தின் மேல் இருந்தது. புதுப் பெண்டாட்டியிடம் மனுஷன் என்ன பேசுவான்? இவர் கூடத்தில் பூவரச இலைகளைப் பரப்பி, இது பிரெஞ்சுக்காரன் கப்பல், அது இங்கிலீஷ்காரன் கப்பல், இவன் இப்படி வளைத்தான், அவன் அப்படி நழுவினான் என்று காட்டுவார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அடுப்பில் குழம்பு வற்றிப் போவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் பெரிய திருநாளுக்கு, புதுச்சேரிக் கடலில் போர்க்கப்பல் வந்து நிற்கிறது என்று சேதி வந்தது. என் கொழுந்தனார் அங்கே சிப்பாய். குவர்னர் தன் மாளிகையிலிருந்து மோட்டாரில் வந்து இறங்கியதும் கடற்கரையில் மரியாதை வேட்டுப் போடுவார்கள். அதற்கென்று நாலு பழைய பீரங்கிகள் இருந்தன. அதில் முதல் பீரங்கி கொழுந்தனார் பொறுப்பு. கப்பலையும் பார்க்கலாம், பிள்ளை வேட்டுப் போடுவதையும் பார்க்கலாம், ஊரில் எங்கெங்கே சண்டை நடந்தது என்று இவர் காட்டவும் காட்டலாம். மாமா, அத்தை, இவர், நான், நாலு பேரும் விடிவதற்கு முன்னால் வண்டி கட்டினோம்.

அதில் ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது. முந்தின வருஷம் தூறலில் மருந்து நமுத்துப்போய், கொழுந்தனாரின் பீரங்கி குவர்னர் முன்னாலேயே புஸ்ஸென்று அடங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாடு மேய்க்கப் போ என்று அவருடைய மேலதிகாரி, கப்பித்தான் துரை, சொல்லிவிட்டாராம். அத்தை வண்டியில் யார் முகத்தையும் பார்க்காமல், "மருமவ காலடி வெச்ச நேரம் எப்படின்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

மூன்று நாளில் ஆடி பிறக்கப்போகிறது. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிற புதுப் பெண்ணை ஆவணியில் வந்து கூட்டிப்போவது வழக்கம். ராசியில்லாதவள் என்று பேர் வாங்கிவிட்டால், அந்த ஆவணி எப்போது வரும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. பீரங்கியே, நீதான் என் வாழ்க்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று வண்டியிலேயே வேண்டிக்கொண்டேன்.

இவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அரியாங்குப்பம் வந்ததும் வண்டியை நிறுத்தி, இங்கே ஒரு கோட்டை இருந்தது என்று குதித்து இறங்கினார். நாங்களும் இறங்கிப் பார்த்தோம். ஒரு தென்னந்தோப்பு இருந்தது. புதுச்சேரிக்குள் நுழைந்ததும், இதோ இங்கேதான் பெரிய கோட்டை, சுற்றிலும் அகழி, மதில் மேல் பீரங்கி வரிசை என்று கையை வீசி வீசிக் காட்டினார். அங்கே பூச்செடிகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. கோட்டை எங்கே என்று மாமா கேட்டார். இங்கிலீஷ்காரன் இடித்துவிட்டான் என்றார் இவர்.

"இல்லாத கோட்டையப் பாக்கவா மாட்ட இம்மாந்தூரம் ஓட்டியாந்த?" என்றார் மாமா.

ஆனால் எனக்கு அந்தக் கோட்டை தெரிந்தது. இவர் கை போன இடத்திலெல்லாம் மதில் எழும்பியது. அங்கிருந்து நாலு தெரு நடந்து கடற்கரைக்கு வந்தோம். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கடலுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் அந்தக் கப்பல் நின்றது. புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வர முடியாது. அலையில் ஏறி இறங்கும் சலங்குப் படகுகளில்தான் ஆட்கள் வரவேண்டும். தொப்பி உச்சியில் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமிகள், சலங்கு தூக்கித் தூக்கிப் போட்டதில் மீன்காரர்களின் தோளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் சந்தோஷத்தில் இவர் கையைப் பிடித்துவிட்டேன், அதுவும் மாமா எதிரில். (அந்தக் காலத்தில் பீரங்கியை வெடித்ததைவிட அது பெரிய குற்றம்.)

இவர் கையை உருவிக்கொண்டு ஒழுங்குமுறையை விளக்கினார். முதல் பீரங்கி வெடிக்கும். அதுதான் கணக்கு. அதைக் கேட்டதும் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக வெடிக்கும். கரையில் முடிந்ததும் கப்பல் பதில் வேட்டுப் போடும். உடனே பாண்டு வாசிக்கும். எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள்.

நேரம் இருக்கிறதே என்று கொழுந்தனார் எங்களைப் பீரங்கிக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போனார். மருந்து கெட்டித்துத் தயாராக இருந்தது. அவர் முகத்தில்தான் ரத்தமே இல்லை. நான் பீரங்கியை முன்னும் பின்னும் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் கரும்பாலையில் முதல் கரும்பைச் செருகுவதற்கு முன்னால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாவிட்டால், அப்பா மாட்டைப் பூட்டவே விடமாட்டார். இங்கே இத்தனை பெரிய ஆயுதம் மூளி நெற்றியோடு நிற்கிறது.

"பொட்டு வெக்கிறதில்லியா தம்பி?" என்று கேட்டேன்.

"இது சர்க்காரு பீரங்கி அண்ணி."

"போன வருசமும் வெக்கலியா?"

கொழுந்தனாரின் வாய் லேசாகத் திறந்தது. போன வருஷம் ஏன் வெடிக்கவில்லை என்ற ரகசியம் அந்த நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, சீக்கிரம் பொட்டை மட்டும் வைத்துவிடுங்கள், நெருப்பு வேண்டாம் என்றார். அதற்குள் யாரோ அதிகாரி குதிரையில் வர, அவர் திரும்பி விறைத்து நின்று சலாம் வைத்தார்.

பிள்ளையார் கோயிலுக்கென்று எல்லாம் என் மடியில் இருந்தது. மஞ்சள் பூசினேன். குங்குமம் வைத்தேன். பீரங்கிக்கே ஒரு களை வந்துவிட்டது. ஆனால் பொட்டு வைத்துவிட்டுக் கற்பூரம் காட்டாமல் வருவது, இலை போட்டுவிட்டுச் சோறு போடாமல் வருவது போல. அதன் பின்பக்க முதுகில் பொட்டளவு ஒரு துளை வேறு இருந்தது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்புப் பொடி. பார்த்ததும் மனசு குளிர்ந்தது. கற்பூரம் வைக்கவே இடம் விட்டிருக்கிறான், முன்னால் யாரோ ஏற்றிய சாம்பல்கூட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (பதினெட்டு வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.) கற்பூரத்தை வைத்தேன். தீக்குச்சியைக் கிழித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன். புதுச்சேரி முழுக்கக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். ஒரே புகை. கொழுந்தனார் சலாம் வைத்த கையைக்கூட இறக்காமல் நின்றார். அடுத்த பீரங்கிக்காரன் நல்ல சிப்பாய். முதல் வேட்டு கேட்டது, அவனும் போட்டான். மூன்றாமவனும் போட்டான், நாலாமவனும் போட்டான். கப்பலில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? அங்கிருந்து பதில் வேட்டு முழங்க ஆரம்பித்தது. பாண்டுக்காரர்கள் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே வாசித்தார்கள். துரைகளும் துரைசானிகளும் சிப்பாய்களும் ஒரு ஈ காக்கைகூட இல்லாத தெருவைப் பார்த்து விறைப்பாக நின்றார்கள். குவர்னர் இன்னும் தன் மாளிகையைவிட்டுக் கிளம்பவேயில்லை.

கப்பித்தான் ஓடி வந்தார். மீசை ஒரு பக்கம் நின்றது, ஒரு பக்கம் தொங்கியது. முதலில் பீரங்கியின் குங்குமத்தைப் பார்த்தார். அடுத்து என் மஞ்சள் கையைப் பார்த்தார். பிரெஞ்சில் என்னவோ கேட்டார். காலையிலிருந்து வாய் ஓயாமல் பிரெஞ்சுக்காரன் சரித்திரம் பேசிய என் வீட்டுக்காரருக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை வரவில்லை. கப்பித்தான் கொழுந்தனாரின் உடுப்புப் பொத்தானில் கை வைத்தார். அத்தை அழ ஆரம்பித்தார். எனக்கு என் ஆவணி மாதம் கண்ணெதிரே புகையாய்ப் போனது. எழுந்து நடுவில் போய் நின்றேன்.

"அவர ஒண்ணும் செய்யாதீங்க. நான்தான் வெடிச்சேன்" என்றேன். பக்கத்தில் இருந்த துபாசி அதைப் பிரெஞ்சில் சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த நேரத்தில் குவர்னரின் மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. குவர்னர் இறங்கினார். சட்டைக் கழுத்துப் பொத்தான் போடவில்லை, மூச்சு வாங்கியது. கையில் கடிகாரம். நேரே கப்பித்தானிடம் வந்து, மன்னிக்க வேண்டும், என் கடிகாரம் கால் மணி நேரம் மெதுவாகப் போகிறது போலிருக்கிறது, எல்லோரையும் காக்க வைத்துவிட்டேன் என்றாராம். (துபாசி எங்களுக்குக் கிசுகிசுத்தது.) சொல்லிவிட்டு எங்கள் முன்னாலேயே முள்ளைத் திருப்பி முன்னே வைத்தார்.

குவர்னர் திருப்பியதும் பக்கத்தில் நின்ற துரைகள் எல்லோரும் கடிகாரத்தை எடுத்தார்கள். ஆளாளுக்குத் திருப்பினார்கள். கப்பித்தான் ஒரு நிமிஷம் குவர்னரைப் பார்த்தார், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு கொழுந்தனாரின் பொத்தானை விட்டுவிட்டுத் தன் கடிகாரத்தை எடுத்தார்.

கொழுந்தனாருக்கு உடுப்பு தப்பியது. மஞ்சள் கறை போகப் பீரங்கியைத் தேய்த்ததோடு தண்டனை முடிந்தது. வண்டியில் திரும்பும்போது மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். பாகூர் எல்லை வந்ததும் அத்தைதான், "இன்னா இருந்தாலும் வெடிச்சிதில்ல" என்றார். அதற்குமேல் அடக்க முடியாமல் மாமா வண்டியில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஆடிக்குப் போனேன். ஆவணி முதல் தேதியே அத்தை நேரில் வந்து அழைத்துப்போனார்.

ஆனால் ஒன்று. அன்றிலிருந்து நான் கற்பூரம் ஏற்றினால் எங்கள் வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆரம்பித்து வைத்தது அத்தைதான். என் மகள் கல்யாணத்தில் நான் ஆரத்திக்குக் கற்பூரம் ஏற்றியபோது, பெண் வீட்டார் மொத்தப் பேரும் ஒன்றாகக் காதைப் பொத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மிரண்டு ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று தாங்களும் பொத்திக்கொண்டார்கள். போன மாதம் அந்தச் சம்பந்தி வீட்டில் காதுகுத்து. அங்கே எங்களைத் தெரியவே தெரியாத அவர்கள் பங்காளிகள் எல்லோரும் கற்பூரம் ஏற்றும்போது பயபக்தியோடு காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"எங்க வம்சத்துல அப்படித்தாம்மா வழக்கம்" என்றார்.