பக்கத்துப் பல்லையும் எடுத்துடலாம்

மருத்துவம் படிக்காமலே மருத்துவம் பார்க்கும் ஓர் இனம் உண்டு. நோயாளிக்குத் துணையாக வருவார்கள். வந்ததும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார்கள். "எங்கே வலிக்குது?" என்று மருத்துவர் கேட்டால், "இங்கே" என்று தங்கள் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இல்லையா? அவசரப்பட வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் ஒருத்திக்கு இப்படி வாய்த்தவர் சொந்த அண்ணன். அவளுக்கு முகத்து நரம்பில் வலி. காற்றுப் பட்டால், பல் துலக்கினால், ஒரு வார்த்தை பேசினால் போதும், வலது கன்னத்தில் சுரீரென்று இழுக்கும். பேச்சுதான் பிழைப்பு, பேசத்தான் முடியவில்லை. ஒலிபெருக்கியில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள், அந்த இடம் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். அண்ணனுக்கு என்ன பயம்? "பல்லுதான் காரணம்" என்று முதல் நாளே கண்டுபிடித்து, நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வைத்தார். பல் போனது, வலி போகவில்லை. அசந்தாரா? "அப்போ பக்கத்துப் பல்லா இருக்கும்" என்றார்.

நரம்பு மருத்துவர்தான், "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, மாத்திரையோடு குறைந்த சக்தி லேசர் சிகிச்சைக்கும் அனுப்பினார். தடித்த பேனா மாதிரி ஒரு கருவி. சிகிச்சை தருகிற பெண் அதைக் கன்னத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து எடுப்பாள். சூடும் தெரியாது, சத்தமும் வராது. அண்ணனால் இதைத் தாங்க முடியுமா? லேசர் ஒளி கண்ணில் படாமலிருக்கக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வைம்மா."

"கூட்டக் கூடாது சார். இதுல சூடு தெரியாது."

"சுடவே இல்லைன்னா எப்படிம்மா குணமாகும்?" உடனே தங்கை பக்கம் திரும்பி, "ஏதாவது தெரியுதா? வாயைத் திறந்து சொல்லேன்!"

வாயைத் திறந்தால் வலிக்கிறது என்றுதானே வந்திருக்கிறாள்! தலையை மட்டும் ஆட்டினாள். கோபம் கோபமாக வந்தது. கோபப்படவும் வாய் வேண்டியிருக்கிறதே.

சில வாரங்கள் இப்படியே போயின. ஒருநாள் சிகிச்சை முடிந்து அவள் எழுந்ததும் அண்ணன் அறிவித்தார்: "இதெல்லாம் வேலைக்கு ஆகாது. பல் டாக்டர்கிட்ட நாளைக்கு நேரம் வாங்கிட்டேன். பக்கத்துப் பல்லையும் எடுத்துடலாம்."

"அண்ணா!" என்றாள். நிலையம் முழுக்கக் கேட்குமே, அந்தப் பழைய குரல். "என் பல்லு மேல கை வெச்சீங்க, உங்க பல்லு ஒண்ணுகூட மிஞ்சாது. முதல்ல வாயை மூடிட்டு வெளியே போய் உட்காருங்க!"

அவள் மெதுவாகக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு கத்தியும் இழுக்கவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அண்ணனுக்கும் கண் கலங்கியது. பாசம் இல்லாத மனுஷரா என்ன? மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிகிச்சை தந்த பெண்ணிடம் சொன்னார்: "பார்த்தியாம்மா? அன்னிக்குப் பிடுங்கின பல்லு இப்பதான் வேலை செய்யுது!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கன்னத்தில் வலி என்று படித்ததுமே, "ஒரு கிராம்பை வெச்சுப் பார்த்திருக்கலாமே" என்று உங்கள் நாக்கு நுனி வரை வந்ததே, அதை யாரிடம் சொல்வதாக இருக்கிறீர்கள்?